அழித்த ஃபோல்டர் திரும்பி வந்த வெள்ளிக்கிழமை

காலை ஏழே முக்காலுக்கு ஃபோன். நான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து டெக்னீஷியன் பேசினார். "அண்ணா, ரிப்போர்ட்ல பழைய நார்மல் ரேஞ்ச் வருதுண்ணா. மெஷின் மாத்துறதுக்கு முன்னாடி இருந்துச்சே, அது." வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்க வந்தவர்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நேரம். "பிரிண்ட் எதையும் கையில கொடுக்காதம்மா, இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

முந்தின நாள் வியாழன் இரவுதான் அங்கே சர்வரின் எஸ்எஸ்டியை மாற்றியிருந்தேன். பழையது அவ்வப்போது பிழை காட்ட ஆரம்பித்திருந்தது. முழுதாகப் போவதற்குள் மாற்றிவிடலாம் என்று, அதில் இருந்ததையெல்லாம் டார் (பல ஃபைல்களை ஒரே ஃபைலாகக் கட்டும் கட்டளை) போட்டு எடுத்து, புது எஸ்எஸ்டியில் பிரித்து வைத்தேன். சர்வர் எழுந்தது, மென்பொருள் திறந்தது, ஒரு சோதனைப் பக்கம் பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த சர்வரை அமைத்திருக்கும் விதத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். லினக்ஸும் லேப் மென்பொருளும் சேர்ந்து ஒரே ஸ்குவாஷ்எஃப்எஸ் படிமமாக (எல்லா ஃபைலையும் சுருக்கி அடைத்த ஒற்றை ஃபைல்), எழுத முடியாதபடி கீழே இருக்கும். அதன் மேல் எஸ்எஸ்டியில் ஒரு சாதாரண ஃபோல்டர். இரண்டையும் ஓவர்லேஎஃப்எஸ் என்ற லினக்ஸ் வசதி ஒன்றாக்கிக் காட்டும். ஓடும்போது நடக்கிற எல்லா மாற்றமும் மேலே மட்டும் எழுதப்படும். என்றைக்காவது எல்லாம் குழம்பிப்போனால் மேலடுக்கைத் துடைத்துவிட்டு முதல் நாள் நிலைக்குத் திரும்பலாம். ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற லினக்ஸ் போட்ட ரவுட்டர்கள் இப்படித்தான் இயங்குகின்றன. மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு பொட்டலமாக ஓட்டும் டாக்கர் கண்டெய்னர்களும் பெரும்பாலும் இதே ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. நோயாளிகளின் தரவு மட்டும் தனி டிஸ்கில்.

கீழே இருக்கும் படிமம் நான்கு வருடத்துக்கு முன்னால் செய்தது. ரிப்போர்ட் படிவங்கள் 14 அதற்குள்ளேயே இருந்தன. இரண்டு வருடத்துக்கு முன் பரிசோதனைக் கருவியை மாற்றினார்கள். கருவி மாறினால், செய்முறை மாறினால், சில பரிசோதனைகளுக்கு நார்மல் என்று அச்சிடும் வரம்பும் மாறும். அதனால் படிவ ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிட்டு, அதே பெயரில் புது ஃபோல்டர் உருவாக்கி, 11 புதுப் படிவங்களைப் போட்டேன். இரண்டு வருடம் அது ஒழுங்காக ஓடியது.

போய்ப் பார்த்தால் ஃபோல்டரில் 25 ஃபைல். பதினொன்றும் பதினாலும்.

முதலில் நினைத்தது, யாரோ பழைய காப்புநகலிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று. ஆனால் ராத்திரி பதினொன்றுக்கும் காலை ஏழுக்கும் நடுவில் அங்கே யாரும் இல்லை. இன்னொன்றும் குழப்பியது. அதே சர்வரில் வேறு இடங்களில் தனித்தனியாக நான் அழித்திருந்த ஃபைல்கள், பழைய பிரிண்டர் அமைப்பு மாதிரியானவை, திரும்பி வரவில்லை. அழித்தது அழித்தபடியே இருந்தது. இந்த ஒரு ஃபோல்டர் மட்டும் ஏன்?

அப்போதைக்கு வேலை நடக்கவேண்டும். அந்த 14 ஃபைல்களையும் பெயர் சொல்லி அழித்தேன், மென்பொருளை மறுபடி தொடங்கினேன், வரம்புகளை டெக்னீஷியன் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நான் ஃபோன் எடுப்பதற்கு முன் இரண்டு ரிப்போர்ட் வெளியே போயிருந்தது. அந்த இருவரையும் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, புது ரிப்போர்ட் கொடுத்தோம். அளவுகள் சரிதான், பக்கத்தில் அச்சான வரம்புதான் தவறு. அதுவும் சின்ன விஷயம் இல்லை. அந்த வரம்பைப் பார்த்துத்தான் ஒருவர் பயப்படுவதும் நிம்மதியாவதும்.

கிளம்புவதற்கு முன் அந்த ஃபோல்டரை எல்எஸ் (பட்டியல் காட்டும் கட்டளை) போட்டு விவரமாகப் பார்த்தேன். அனுமதி எழுத்துகளுக்கு அடுத்து ஒரு எண் வருமே, இணைப்பு எண்ணிக்கை, அதில் 1 என்று இருந்தது. லினக்ஸின் வழக்கமான ஃபைல்சிஸ்டமான எக்ஸ்டி4-இல் ஒரு ஃபோல்டருக்கு அந்த எண் குறைந்தது 2 இருக்கும்; உள்ளே துணை ஃபோல்டர் ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூடும். ஓவர்லேயில் ஒரு ஃபோல்டர் 1 காட்டுகிறது என்றால், அது பல அடுக்குகளிலிருந்து சேர்த்துக் காட்டப்படும் ஃபோல்டர் என்று அர்த்தம். எல்லா அடுக்கிலும் போய்த் துணை ஃபோல்டர்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என்று லினக்ஸின் மையமான கெர்னல் அங்கே சும்மா 1 என்று சொல்லிவிடுகிறது. நான் அழித்து உருவாக்கிய ஃபோல்டர் தனி ஃபோல்டராக 2 காட்டியிருக்கவேண்டும். சேர்ந்த ஃபோல்டராக மாறியிருந்தது.

சாயங்காலம் வீட்டில் லேப்டாப்பில் இதைச் சிறியதாகச் செய்து பார்த்தேன். லினக்ஸில் ஃபோல்டருக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். சோதனைக்கு நான் எப்போதும் அப்படித்தான் வைப்பேன், கண்ணுக்குத் தனியாகத் தெரியும். நான்கு ஃபோல்டர்: கீழ், மேல், பணி, சேர். பணி என்பது ஓவர்லே தன் வேலைக்கு வைத்துக்கொள்ளும் தற்காலிக இடம். கீழ் என்பதற்குள் மரம் என்று ஒரு ஃபோல்டர், அதில் வேம்பு, புளி என்று இரண்டு ஃபைல். மேல் என்பதற்குள்ளும் ஒரு மரம், அதில் பனை. இவற்றை சேர் என்ற இடத்தில் ஓவர்லேயாக மவுண்ட் செய்தால், அதாவது அங்கே பொருத்தினால், சேரில் இருக்கும் மரத்துக்குள் வேம்பு, புளி, பனை மூன்றும் தெரியும்.

இதில் சேர்வது பெயர்ப் பட்டியல் மட்டுமே. இரண்டு அடுக்கிலும் ஒரே பெயரில் ஃபைல் இருந்தால் மேலே இருப்பதுதான் தெரியும், உள்ளடக்கம் கலக்காது. ஒரு அடுக்கில் ஃபோல்டரும் இன்னொன்றில் அதே பெயரில் ஃபைலும் இருந்தால் மேலே எது இருக்கிறதோ அது ஜெயிக்கும், கீழே இருப்பது முழுதாக மறையும். ஃபோல்டருக்கு மேல் ஃபோல்டர் வந்தால் மட்டும்தான் சேர்க்கை. கீழடுக்குகள் பல இருந்தால் மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே போகும். மவுண்ட் கட்டளையில் இடது ஓரத்தில் எழுதுவதுதான் கீழடுக்குகளில் மேலே இருப்பது. வரிசையை மாற்றி எழுதிவிட்டு மணிக்கணக்கில் தேடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெயர்கள்தான் சேரும் என்றேன் இல்லையா? உரிமையாளர், அனுமதி, தேதி எல்லாம் மேலே இருக்கும் ஃபோல்டருடையது. முன்பு ஒரு முறை மேலடுக்கில் ஒரு ஃபோல்டரை ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள பயனர்) இருந்து, ரூட் மட்டும் படிக்கும் அனுமதியோடு உருவாக்கிவிட்டேன். கீழே அதே பெயரில் எல்லோரும் படிக்கக்கூடிய நாற்பது ஃபைல் இருந்தது. சாதாரணப் பயனருக்கு அத்தனையும் ஒரே நொடியில் எட்டாமல் போனது. ஒரு ஃபைலிலும் யாரும் கை வைக்கவில்லை, மேலே மூடிய கதவு ஒன்று வந்ததோடு சரி.

பட்டியல் எடுப்பதும் சாதாரண ஃபைல்சிஸ்டம் மாதிரி இல்லை. ஓவர்லே ஒவ்வொரு அடுக்கின் ஃபோல்டரையும் முழுதாகப் படித்து, ஏற்கெனவே வந்த பெயரைத் தள்ளிவிட்டு, ஒரே பட்டியலாக நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. ஃபோல்டரைத் திறந்து படித்துக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கு அந்தப் பட்டியல்தான் தெரியும். நடுவில் புது ஃபைல் வந்தாலும், அந்த புரோகிராம் மறுபடி தொடக்கத்துக்குப் போனாலோ மூடித் திறந்தாலோதான் கண்ணில் படும்.

சரி, அழிப்புக்கு வருவோம். சேரில் போய் மரத்துக்குள் இருக்கும் புளியை அழித்தேன். புளி கீழே இருக்கிறது, கீழே எழுத முடியாது. அப்படியானால் எதை அழிப்பது? மேல் ஃபோல்டரை நேராகத் திறந்து பார்த்தால் அங்கே புளி என்ற பெயரில் புதிதாக ஒன்று வந்திருந்தது. வரியின் முதல் எழுத்து கேரக்டர் டிவைஸைக் குறிக்கும் 'சி'. ஃபைல் அளவு இருக்கவேண்டிய இடத்தில் 0, 0. லினக்ஸில் எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் நல் டிவைஸும் இந்த ரகம்தான், அதன் எண்கள் 1, 3. பூஜ்யம் பூஜ்யம் என்று நிஜக் கருவி எதுவும் கிடையாது. அந்த எண்ணை ஓவர்லே தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது. இதற்குப் பெயர் ஒயிட்அவுட். பள்ளியில் தவறாக எழுதியதன் மேல் ஒயிட்னர் பூசுவோமே, அதேதான். எழுத்து கீழே அப்படியே இருக்கும், மேலே வெள்ளை.

இதனால்தான் ரவுட்டரில் ஃபர்ம்வேரோடு வந்த பேக்கேஜை நீக்கினால் இடம் கூடுவதில்லை. பூசிய ஒயிட்னருக்கும் கொஞ்சம் இடம் போகும். டாக்கர் படிமத்தில் ஒரு அடுக்கில் கடவுச்சொல் ஃபைலை வைத்து, அடுத்த அடுக்கில் அழித்தாலும் அது உள்ளேயே இருப்பதும் இதனால்தான். படிமத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் எடுத்துவிடலாம்.

அடுத்து மரத்தையே மொத்தமாக அழித்தேன். இப்போது மேலே மரம் என்ற பெயரிலேயே ஒரு ஒயிட்அவுட். கீழே இருக்கும் மரம், அதற்குள் வேம்பு, புளி எல்லாம் அந்த ஒரு பூச்சுக்கு அடியில். இதுவரை சுலபம்.

பிறகு சேரில் மறுபடி மரம் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கினேன். இங்கேதான் விஷயம். மேலே மரம் இப்போது நிஜ ஃபோல்டராக ஆகவேண்டும், அதனால் அந்தப் பெயரில் இருந்த ஒயிட்அவுட் போயாகவேண்டும். ஒயிட்அவுட் போனால் மேலே ஒரு மரம், கீழே ஒரு மரம். விதிப்படி இரண்டும் சேர்ந்துவிடும், அழித்த வேம்பும் புளியும் புது மரத்தில் வந்து நிற்கும். அப்படி நடக்கக்கூடாது என்பதற்காக ஓவர்லே புது ஃபோல்டரின் மேல் ஒரு குறிப்பு எழுதி வைக்கிறது. ட்ரஸ்டட்.ஓவர்லே.ஒபேக் என்று ஒரு எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட் (ஃபைலோடும் ஃபோல்டரோடும் ஒட்டி வைக்கும் கூடுதல் குறிப்பு), அதன் மதிப்பு 'ஒய்' என்ற ஒற்றை எழுத்து. ஆமாம் என்பதற்கான ஒய். இந்த ஃபோல்டர் ஒளி ஊடுருவாதது, இதற்குக் கீழே பார்க்காதே என்பது அதன் பொருள். மேலிருந்து இறங்கிவரும் தேடல் அந்த இடத்தோடு நின்றுவிடும்.

அதைச் செய்யும் முறையும் எனக்குப் பிடித்தது. நேரடியாக ஒயிட்அவுட்டை அழித்துவிட்டு ஃபோல்டர் உருவாக்கினால், நடுவில் ஒரு கணம் இரண்டுமே இல்லாத நேரம் வரும். அந்தக் கணத்தில் கரண்ட் போனால் பழையது திரும்பித் தெரியும். அதனால் புது ஃபோல்டரைப் பணி ஃபோல்டருக்குள் உருவாக்கி, அங்கேயே ஒபேக் குறிப்பை எழுதி, தயாரான பிறகு ஒயிட்அவுட்டோடு ஒரே அடியில் இடம் மாற்றிக்கொள்கிறது. பிறகு அந்த ஒயிட்அவுட்டைப் பணியில் வைத்து அழிக்கிறது. பணி ஃபோல்டர் ஏன் மேலடுக்கு இருக்கும் அதே ஃபைல்சிஸ்டத்தில் இருக்கவேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அப்படி இடம் மாற்றுவது ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள்தான் முடியும்.

என் தவறு இப்போது தெரிந்திருக்கும். க்னூ டார், சொன்னால் ஒழிய எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்டை எடுப்பதில்லை. கேரக்டர் டிவைஸை, ரூட்டாக ஓட்டினால், ஒழுங்காக எடுத்து ஒழுங்காகத் திரும்ப வைக்கும். ஆகவே தனி ஃபைல்களின் ஒயிட்அவுட் எல்லாம் புது எஸ்எஸ்டிக்கு வந்து சேர்ந்தன. ஒபேக் குறிப்பு ஒன்றுகூட வரவில்லை. தனியாக அழித்தது அழிந்தபடி இருக்க, அழித்து அதே பெயரில் உருவாக்கிய ஃபோல்டர்கள் மட்டும் கீழே பார்க்கத் தொடங்கிவிட்டன. லேப்டாப்பில் இதையும் செய்து பார்த்தேன். மேல் ஃபோல்டரை டாரில் எடுத்து, வேறு இடத்தில் பிரித்து, மவுண்ட் செய்தேன். நான் வெறுமையாக உருவாக்கிய மரத்துக்குள் வேம்பும் புளியும் இருந்தன. காரணம் தெரிந்தும், திரையில் பார்த்தபோது ஒரு கணம் வயிற்றைக் கலக்கியது.

எடுக்கும்போது டாருக்கு எக்ஸ்ஆட்டர்ஸ் விருப்பத்தைக் கொடுப்பது மட்டும் போதாது. பிரிக்கும்போது டார் தானாக 'யூசர்' என்று தொடங்கும் ஆட்ரிபியூட்டுகளை மட்டும்தான் வைக்கும். ட்ரஸ்டட் என்று தொடங்குவதை வைக்க, எல்லா வகையையும் எடுத்துக்கொள் என்று தனியாகச் சொல்லவேண்டும். நகலெடுக்கும் இன்னொரு கட்டளையான ஆர்சிங்க் என்றால் ரூட்டாக, பெரிய எக்ஸ் விருப்பத்தோடு. ட்ரஸ்டட் வகையை ரூட் உரிமை இல்லாமல் பார்க்கக்கூட முடியாது. மவுண்ட் ஆன இடத்தின் வழியாகப் பார்த்தால் ரூட்டுக்கும் தெரியாது, ஓவர்லே தன் சொந்தக் குறிப்புகளை மறைத்துவிடும். மேலடுக்கை நேராகத் திறந்தால்தான் கிடைக்கும். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. ஒயிட்அவுட்டையாவது கண்ணால் பார்க்கலாம். ஒரு ஃபோல்டர் முழுவதையும் மறைக்கும் குறிப்பு எந்தப் பட்டியலிலும் வராத இடத்தில் இருக்கிறது.

டாக்கர் படிமங்கள் இந்த விஷயத்தில் வேறு வழியில் போகின்றன. அவற்றின் அடுக்குகள் ஒவ்வொன்றும் ஒரு டார் ஃபைல். அதில் அழிப்பைக் குறிக்க டிவைஸும் இல்லை, ஆட்ரிபியூட்டும் இல்லை. அழித்த பெயருக்கு முன்னால் புள்ளி, டபிள்யு, ஹெச், புள்ளி என்று சேர்த்து ஒரு வெற்று ஃபைல். ஃபோல்டர் முழுதும் மறையவேண்டும் என்றால் அதற்குள் அதே பாணியில் ஒரு தனிப் பெயரில் ஒரு வெற்று ஃபைல். படிமத்தை இறக்கிப் பிரிக்கும்போது டாக்கர் அவற்றை ஓவர்லேயின் ஒயிட்அவுட்டாகவும் ஒபேக்காகவும் மாற்றிவிடும். பெயரிலேயே குறிப்பு இருப்பதால் எந்த டாரில் போனாலும் தொலையாது. இந்தப் பழக்கம் ஏயூஎஃப்எஸ் என்ற இன்னொரு அடுக்கு ஃபைல்சிஸ்டத்திலிருந்து வந்தது. ஜுன்ஜிரோ ஒக்கஜிமா 2006-இல் தொடங்கியது அது. பல வருடம் லைவ் சிடிகளையும் ஆரம்பகால டாக்கரையும் தாங்கிய பிறகும் கெர்னலின் முதன்மைக் கிளைக்குள் போகவே இல்லை. மிக்லோஸ் செரெடியின் ஓவர்லேஎஃப்எஸ்தான் 2014 டிசம்பரில் 3.18 பதிப்பில் உள்ளே வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட கீழடுக்கு 4.0-இல் வந்தது.

இவற்றுக்கெல்லாம் முன்பே பெல் லேப்ஸின் பிளான் 9 என்ற இயங்குதளத்தில் சேர்ந்த ஃபோல்டர் இருந்தது. அங்கே இரண்டு ஃபோல்டரைச் சேர்த்தால் பட்டியல் ஒன்றன்பின் ஒன்றாக வரும், இரண்டிலும் உள்ள பெயர் இரண்டு முறையே வரும், திறந்தால் முதலில் இருப்பது திறக்கும். சேர்க்கை அந்த ஒரு மட்டத்தோடு சரி, துணை ஃபோல்டர்களுக்குள் இறங்காது. ஒயிட்அவுட் கிடையாது. அந்த எளிமை அழகுதான். ஆனால் என் லேபுக்கு உதவாது, கீழே இருப்பதை அழித்த மாதிரி காட்டியே ஆகவேண்டும் எனக்கு.

வெள்ளி இரவு பத்து மணிக்கு மறுபடி லேபுக்குப் போனேன். ஓடிக்கொண்டிருக்கும் ஓவர்லேயின் மேலடுக்கில் நேராகக் கை வைக்கக்கூடாது, என்ன நடக்கும் என்று உத்தரவாதம் இல்லை. அதனால் சர்வரை நிறுத்தி யூஎஸ்பியில் கிளப்பினேன். நல்ல வேளை, பழைய எஸ்எஸ்டி இன்னும் படிக்கக்கூடியதாக இருந்தது. அதன் மேலடுக்கில், ஆட்ரிபியூட்டைப் படிக்கும் கட்டளையான கெட்ஃபேட்டரை அடிமட்டம் வரை ஓடவிட்டு ஒபேக் குறிப்பு உள்ள ஃபோல்டர்களை மட்டும் ஒரு ஃபைலில் எடுத்தேன். ஒன்பது இருந்தன. படிவ ஃபோல்டர் நான் அறிந்தது. மற்ற எட்டில் ஆறு ஒன்றும் இல்லாத கேஷ் ஃபோல்டர்கள். ஏழாவது பழைய எழுத்துருக்கள்.

எட்டாவதைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வாராந்திர ஸ்கிரிப்டுகள் இருக்கும் ஃபோல்டர். நான்கு வருடத்துக்கு முந்தைய படிமத்தில் அங்கே நான் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. காப்புநகல் ஃபோல்டரில் முப்பது நாளுக்கு மேல் பழையதை அழிக்கும். அப்போது அது சரி. பிறகு ஒரு வருடக் காப்புநகலை அதே இடத்தில் வைக்க ஆரம்பித்தபோது, அந்த ஃபோல்டரையும் அழித்துப் புதிதாக உருவாக்கியிருந்தேன். இப்போது அந்த ஸ்கிரிப்ட் மறுபடி பட்டியலில். ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு அது ஓடும்.

எடுத்த ஃபைலைக் கொண்டுபோய்ப் புது எஸ்எஸ்டியின் மேலடுக்கில், ஆட்ரிபியூட்டை எழுதும் செட்ஃபேட்டரின் ரெஸ்டோர் விருப்பத்தோடு ஓட்டினேன். ஒன்பது ஃபோல்டரிலும் 'ஒய்' வந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காலையில் பெயர் சொல்லி அழித்த 14 படிவங்களின் ஒயிட்அவுட் இனித் தேவையில்லை, ஒபேக்கே அவற்றையெல்லாம் மறைத்துவிடும் என்பதால் அவற்றையும் எடுத்தேன். சர்வரைக் கிளப்பிப் படிவ ஃபோல்டரை எல்எஸ் போட்டேன். 11 ஃபைல், இணைப்பு எண்ணிக்கை 2. வாராந்திர ஃபோல்டரில் இப்போது எழுதிய ஒரே ஒரு ஸ்கிரிப்ட்.

மணி 1:20. கிளம்பும் முன் காப்புநகல் ஃபோல்டரைத் திறந்து, மிகப் பழைய ஃபைலின் தேதியைப் பார்த்தேன். போன வருடத்தது, அங்கேயே இருந்தது.